தலையாட்டாத மனிதர்களும் தலையாட்டிப் பொம்மைகளும்

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அறியாத தமிழர் மிகச் சிலரே எனலாம். தொட்டால் அது ஆடும். ஆடி ஓய்ந்தபின் மறுபடியும் ஆடுவதற்கு ஆயத்தமாக நிற்கும். அப்பொம்மையைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்து மகிழ்ந்த அதே மக்கள், அதன் பெயரை ஒரு வசைச் சொல்லாகவும் வழங்கி வந்திருக்கின்றனர். எசமான் எதைச் சொன்னாலும் ஆமென்பவன் நமது மொழியில் ஒரு ‘தலையாட்டிப் பொம்மை’. கலைப் பொருள்களைப் பற்றி மக்களின் மொழி வழங்கும் தீர்ப்பு, பல வேளைகளில் விமர்சகரின் தீர்ப்பினும் கூர்மையானது. அத்தீர்ப்பை உரைகல்லாகக் கொண்டு, அமெரிக்க நாட்டின் தலையாட்டிப் பொம்மை வரிசை ஒன்றினை ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

2020ஆம் ஆண்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேஸ்போல் கழகங்கள் ஒன்றுகூடித் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டதன் நூற்றாண்டு நிறைவு. அதனையொட்டி, அக்கழகங்களில் விளையாடிய மாவீரர்களின் உருவங்கள் தலையாட்டிப் பொம்மைகளாக வெளியிடப்பட்டன. மில்வோக்கி நகரில் 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்ட தலையாட்டிப் பொம்மை நூதனசாலை அவற்றின் வெளியீட்டில் பங்கு கொண்டது. விற்பனையில் ஒரு பங்கு, கன்சாஸ் சிற்றியில் இயங்கும் நீக்ரோ லீக் பேஸ்போல் நூதனசாலைக்கு உதவியாகச் செல்லும் என அறிவிக்கப்பட்டது. சேகரிப்போர் ஆர்வத்தோடு வாங்கினர். நல்ல நோக்கம், நல்ல மனிதர்களின் நினைவு, நலிந்த நிறுவனம் ஒன்றிற்கு உதவி. இதில் விமர்சிப்பதற்கு என்ன இருக்கிறது எனச் சிலர் கேட்கக்கூடும்.

நிறைய இருக்கிறது என்பதே நமது விடை. நோக்கம் நல்லதாயிருப்பது ஒரு பொருளை ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிவிடாது. அம்மனிதர் எத்தகையோர், பொம்மை என்னும் உருவம் அவர்களை என்ன செய்கிறது, அதன் பெயரால் கைமாறும் பணம் கொடையா அன்றிக் கடனா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாமல் பாராட்டுவோர், தாமும் தலையாட்டுவோராகவே முடிவர்.

1

முதலில் அம்மனிதர் யாவர் எனக் காண்போம். அமெரிக்காவின் பெரும் பேஸ்போல் கழகங்களில் கறுப்பர் விளையாடலாகாது என்பதற்கு எழுதப்பட்ட சட்டம் எதுவும் இருக்கவில்லை. 1884ஆம் ஆண்டில் மோசஸ் பிளீற்வூட் வோக்கர் என்னும் கறுப்பர் ரொலீடோ நகரக் கழகத்திற்காக விளையாடியிருக்கிறார். அதன் பின்னர் முதலாளிகளுக்கிடையே ஏற்பட்ட ‘கனவான்களின் உடன்பாடு’ ஒன்றே, அறுபதாண்டு காலம் ஓர் இனத்தவர் முழுவதையும் மைதானத்தின் வெளியே நிறுத்தப் போதியதாயிருந்தது. எழுதாத சட்டம் எழுதிய சட்டத்தினும் கொடியது. அதனை எதிர்த்து வழக்காட முடியாது; அதனை மறுப்பதும் எளிது. 1942ஆம் ஆண்டில் பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ் அப்படியொரு விதியே இல்லையெனச் சாதித்தார். விதி இல்லை, ஆனால் மைதானத்தில் ஒரு கறுப்பரும் இல்லை!

இந்நிலையில், 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி, கன்சாஸ் சிற்றியின் பசேயோ வீதியிலுள்ள கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கட்டடத்தில் கறுப்பினக் கழக உரிமையாளர்கள் சிலர் கூடினர். கூட்டியவர் சிக்காகோ அமெரிக்கன் ஜயன்ற்ஸ் கழகத்தின் தலைவர் றூப் பொஸ்ரர். அன்று பிறந்ததே நீக்ரோ தேசிய லீக். பொஸ்ரர் தலையாட்டி வாழ்ந்தவரல்லர். பிறர் ஒதுக்கிய பந்தயங்களில் கூலிக்கு ஆடுவதைவிட, தமது மக்களின் உழைப்பைத் தமது மக்களே நிருவகிக்க வேண்டும் என நினைத்தவர். அவர் சித்தம் கலங்கி, மனநோய் மருத்துவமனையில் 1930ஆம் ஆண்டு இறந்தார்.

அவருக்குப் பின் வந்தோரை நோக்குவோம். ஜோஷ் கிப்சன், பந்தை அடிப்பதில் அவருக்கு நிகரானவர் உண்டா என இன்றும் விவாதிக்கப்படுபவர். 1947 ஜனவரி 20ஆம் திகதி, முப்பத்தைந்தாவது வயதில் இறந்தார். ஏறக்குறைய மூன்று மாதங்கள் கழித்து, ஏப்ரல் 15ஆம் திகதி, ஜக்கி றொபின்சன் புறூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்தின் உடையில் மைதானத்தில் இறங்கினார். கிப்சனின் புதைகுழியில் 1975ஆம் ஆண்டு வரையில் ஒரு கல்கூட இருக்கவில்லை. சற்சல் பேஜ் என்னும் பந்தெறிவாளர், பெருங்கழகம் ஒன்றில் முதன்முதலாகப் பந்து எறியும்போது வயது 42. மின்னல் வேக ஓட்டத்திற்குப் பெயர்பெற்ற கூல் பாப்பா பெல், ஓய்வுபெற்றபின் சென் லூயிஸ் நகர மண்டபத்தில் துப்புரவு வேலையும் இராக் காவலும் செய்தார்.

இவர்கள் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டுப் பேருந்துகளில் உறங்கியவர்கள். உணவுச்சாலையின் பின்கதவால் உணவு வாங்கியவர்கள். ஆயினும் அவர்களை வெறும் துன்பப் பாத்திரங்களாக மட்டும் காண்பது தவறு. 1933ஆம் ஆண்டு முதல் சிக்காகோ கொமிஸ்கி மைதானத்தில் ஆண்டுதோறும் நடைபெற்ற கிழக்கு-மேற்குப் போட்டிக்குச் சில ஆண்டுகளில் ஐம்பதினாயிரம் பேர் திரண்டனர். அவ்விளையாட்டைச் சுற்றிக் கறுப்பினப் பத்திரிகைகளும் இசையரங்குகளும் உணவுச்சாலைகளும் வளர்ந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கெனக் கட்டியெழுப்பிய ஒரு பண்பாட்டுலகம் அது. அவ்வுலகினுள்ளும் வர்க்க முரண்பாடுகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிற்ஸ்பேர்க் குறோபோர்ட்ஸ் கழகத்தின் உரிமையாளர் கஸ் கிறீன்லீ, ஏழை மக்கள் சில்லறைக் காசு கட்டி ஆடும் எண் சூதாட்டத்தால் செல்வம் சேர்த்தவர். மைதானங்கள் பெரும்பாலும் வெள்ளை முதலாளிகளின் உடைமை. ஆனால் முரண்பாடுகள் நிறைந்த அவ்வுலகிலேதான் கிப்சனும் பேஜும் கலைஞராக மலர்ந்தனர்.

2

இனி, உருவத்தை நோக்குவோம். கலைப்படைப்பின் உள்ளடக்கத்தையும் உருவத்தையும் பிரித்து, உள்ளடக்கம் நன்றாயிருப்பின் உருவம் எதுவாயினும் என்ன என்று கருதுவது முற்போக்காளரிடையே சிலவேளை காணப்படும் ஒரு குறை. உருவமும் பேசும், உள்ளடக்கம் சொல்ல முனைவதற்கு எதிராகவும் பேசும்.

தலையாட்டிப் பொம்மையின் இலக்கணம் எளியது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரம்; உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை; கழுத்தில் ஒரு சுருள்வில்; பீடத்தில் பெயர். இவ்வகைப் பொம்மை ஐரோப்பாவிற்குப் புதியதன்று. கோகோல் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மேலங்கி’ என்னும் கதையில், ஏழை எழுதுவினைஞனின் கழுத்தை வருணிக்குமிடத்துத் தலையசைக்கும் சுண்ணப் பூனைகளை நினைவுகூர்கிறார். அலுவலகத்தில் பிறர் எழுதியதைப் படியெடுப்பதையே வாழ்வாகக் கொண்ட, யாருக்கும் மறுத்துப் பேசாத அக்ககி அக்ககியேவிச்சின் கழுத்து அது! தஞ்சாவூர் மக்களின் மொழி கண்ட அதே உண்மையைப் பீற்றர்ஸ்பேர்க் நகரத்து எழுத்தாளனும் கண்டிருக்கிறான்.

அமெரிக்க விளையாட்டு உலகில் இப்பொம்மை பரவியது 1960களின் தொடக்கத்தில். ஜப்பானில் காகிதக் கூழினால் செய்யப்பட்டு, கழகத்திற்கு ஒன்றாக விற்பனைக்கு வந்தது. குறிப்பிட்ட வீரர்களின் பெயரில் முதலில் வந்தவை நான்கு: மிக்கி மான்ரில், றொஜர் மாரிஸ், வில்லி மேஸ், றொபேர்ட்டோ கிளெமென்ரே. முன்னிருவர் வெள்ளையர், மேஸ் அமெரிக்கக் கறுப்பர், கிளெமென்ரே போட்டோ றிக்கோவில் கரும்புத் தோட்டமொன்றின் மேற்பார்வையாளருக்குப் பிறந்த கறுப்பர். ஆனால் பொம்மைகளின் முகம் ஒன்றே. கொழுத்த கன்னமுடைய ஒரு குழந்தையின் சிரித்த முகம் நால்வருக்கும் பொதுவாக அமைந்தது. அச்சு ஒன்றாயிருப்பின் செலவு குறையும் என்பது அதன் பொருளாதார நியாயம். சந்தை மனிதரைச் சமமாக்கும் விதம் இது. மைதானத்திலும் விடுதியிலும் வாக்குச் சாவடியிலும் மறுக்கப்பட்ட சமத்துவம், பொம்மைக் கடையில் தாராளமாக வழங்கப்பட்டது.

பின்னர் இவ்வழக்கம் மங்கி, 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் கழகம் தனது மைதானத்திற்கு வந்த 20,000 பேருக்கு வில்லி மேஸ் பொம்மையை வழங்கியதோடு மீண்டும் தளிர்த்தது. இப்போது செயற்கைப் பிசினால் வார்க்கப்படும் பொம்மைகளில் ஒவ்வொருவர் முகமும் வேறு வேறு. நாம் எடுத்துக்கொண்ட நூற்றாண்டு வரிசையிலும் அவ்வாறே. கிப்சன் கிப்சனாகவும் பேஜ் பேஜாகவும் தெரிகின்றனர். இஃது ஒரு முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆனால் தலையைப் பெருப்பித்து உடலைச் சிறுப்பித்துக் காட்டுவது கேலிச் சித்திரத்தின் வழிமுறை. வல்லவனை எளியவன் கேலி செய்யும்போது அஃது ஆயுதமாகும். எளியவனை வல்லவன் கேலி செய்யும்போது என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் பெரிஸ் அரச பல்கலைக்கழகத்தில், கறுப்பரை இழிவுபடுத்தச் செய்யப்பட்ட வீட்டுப் பொருள்களையும் விளையாட்டுச் சாமான்களையும் திரட்டிவைத்த நூதனசாலை ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் வீடுகளில் இருந்த இரும்பு உண்டியல் ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. தடித்த உதடும் விரிந்த வாயுமாக ஒரு கறுப்பனின் மார்பளவு உருவம். கையில் காசை வைத்து நெம்பினால், கை உயர்ந்து காசை வாயிலிடும், கண்கள் உருளும். குழந்தைகள் சிரிப்பர். சேமிப்பு என்னும் நற்பழக்கத்தைக் கற்பிக்கவே அவ்வுண்டியல் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. அங்கும் நோக்கம் நல்லதே!

நூற்றாண்டு வரிசையை அவ்வுண்டியலோடு ஒன்றாக வைத்து எண்ணுவது அநீதியாகும். அவ்வுண்டியல் இழிவுக்காகச் செய்யப்பட்டது. இப்பொம்மைகள் மதிப்புக்காகச் செய்யப்பட்டவை. எனினும், ஒருவனின் உருவத்தைத் தொட்டு ஆட்டி மகிழும் உரிமையைக் காசு கொடுத்து வாங்குவது என்னும் வடிவம் இரண்டிற்கும் பொதுவானது. அவ்வடிவத்தின் பழைய நினைவு எளிதில் அழிவதன்று.

இதே மனிதர்களுக்குக் கன்சாஸ் சிற்றி நூதனசாலை அமைத்திருக்கும் வேறொரு நினைவுச் சின்னத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் கூறுவது விளங்கும். அங்கு உள்ளரங்கில் ஒரு சிறு பேஸ்போல் மைதானம். ஆளளவு வெண்கலச் சிலைகளாக வீரர்கள் தத்தம் இடங்களில் விளையாடிக்கொண்டு நிற்கின்றனர். உள்ளே வருபவர் முதலில் அவர்களைக் கம்பி வலையினூடாகவே காணலாம், அருகே செல்லலாகாது. வரலாறு முழுவதையும் பார்த்துப் படித்து நடந்து முடித்த பின்னரே மைதானத்துள் கால்வைத்து அவர்கள் பக்கத்தில் நிற்கலாம். வெளியே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்பதைப் பார்வையாளனின் கால்களே அறிகின்றன. அச்சிலைகள் யாருக்கும் தலையாட்டுவதில்லை. பார்வையாளன்தான் அவர்களிடம் வந்து சேர வேண்டும். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றுவது இதுவே.

பொம்மைக்கு இன்னுமொரு குறை உண்டு. அது தனிமனிதனை மட்டுமே வார்க்க வல்லது. இயக்கத்தை வார்க்க வல்லதன்று. நிறத்தடையை உடைத்தவர் டொட்ஜர்ஸ் கழகத்தின் பிறாஞ்ச் றிக்கி என்னும் நல்ல முதலாளியும் றொபின்சன் என்னும் வீரரும் ஆகிய இருவர் மட்டுமே என்பது பாடநூல்களின் கதை. ஆனால் 1936ஆம் ஆண்டு முதலே அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘டெயிலி வேர்க்கர்’ பத்திரிகையில் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் லெஸ்ரர் றொட்னி நிறத்தடைக்கு எதிராக இடைவிடாது எழுதினார். ‘பிற்ஸ்பேர்க் கூரியர்’ என்னும் கறுப்பினப் பத்திரிகையில் வென்டெல் சிமித் எழுதினார். தொழிற்சங்கத்தினரும் மாணவரும் கையெழுத்துத் திரட்டினர். 1943 டிசம்பரில் பாடகரும் போராளியுமான போல் றொப்சன் கழக உரிமையாளரின் கூட்டத்திற்கே சென்று வாதாடினார். இவர்களை எந்தப் பீடத்தில் நிறுத்துவது? கையெழுத்திட்ட பெயரறியாத் தொழிலாளிக்கு எந்த முகத்தை வார்ப்பது? வீரனைப் பிரித்தெடுத்து விற்கலாம். வீரனை வீரனாக்கிய கூட்டத்தை விற்க முடியாது.

பெயரறியாத் தொழிலாளியைப் பற்றிப் பேசுகையில், பொம்மையைச் செய்பவரையும் எண்ணிப் பார்த்தல் தகும். இன்று அமெரிக்கச் சந்தைக்கு வரும் தலையாட்டிப் பொம்மைகளிற் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் செய்யப்படுபவை. கண்ணும் புருவமும் சட்டையின் எழுத்தும் கையாலேயே தீட்டப்படுகின்றன. பீடத்தில் வீரனின் பெயர் உண்டு. தீட்டியவளின் பெயர் இல்லை. உழைப்பு மறைக்கப்பட்ட மனிதரின் நினைவு, உழைப்பு மறைக்கப்பட்ட வேறு மனிதரின் கையால் உருப்பெறுகிறது.

3

இனிப் பணத்தைப் பற்றிய வினாவிற்கு வருவோம். மில்வோக்கி நூதனசாலை 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், கொறோனாப் பெருந்தொற்று பரவிய காலத்தில், மருத்துவ விஞ்ஞானி அந்தனி பௌசியின் உருவத்தையும் தலையாட்டிப் பொம்மையாக வெளியிட்டது. விலை 25 டொலர். அதில் 5 டொலர், மருத்துவமனை ஊழியருக்கு முகக்கவசம் வழங்கும் இயக்கத்திற்கு. எஞ்சிய 20 டொலர் உற்பத்தி, வாணிபம் முதலியவற்றிற்கு. ஐந்தில் ஒரு பங்கு அறம். ஐந்தில் நான்கு பங்கு சந்தை. இதிற் களவு எதுவும் இல்லை. எல்லாம் வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. நமது வினா வேறு. உலகின் மிகச் செல்வந்த நாட்டில், தாதியின் முகத்தை மூடும் ஒரு துண்டுத் துணி பொம்மை விற்பனையை நம்பியிருக்க வேண்டிய நிலை எவ்வாறு தோன்றியது? தருமம் செய்பவனைக் குறைகூறுவதற்காக அன்று, தருமம் தேவைப்படும் நிலையை விளங்கிக்கொள்வதற்காகவே இவ்வினாவை எழுப்புகிறோம்.

பேஸ்போல் விடயத்தில் நிலைமை இன்னும் தெளிவானது. இங்குப் பேசப்படுவது கொடையன்று, கடன். கணக்கைப் பார்ப்போம். நீக்ரோ லீக்கின் கழகங்களுக்கு மைதானத்தை வாடகைக்கு விட்டதால் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 100,000 டொலர் நியூயோர்க் யாங்கீஸ் கழகத்திற்குக் கிடைத்ததென, அதன் தலைவர் லறி மக்பெயில் 1946ஆம் ஆண்டு தயாரித்த அறிக்கை கூறுகிறது. நிறத்தடையை நீக்காதிருப்பதற்கு அவ்வருமானமும் ஒரு காரணமாக எண்ணப்பட்டது. இனவெறியின் அடியில் இலாபக் கணக்கு இருப்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

நிறத்தடை நீங்கியபோதோ, றொபின்சனை வளர்த்த கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் கழகத்திற்கு டொட்ஜர்ஸ் ஒரு சதமும் கொடுக்கவில்லை. நியூவார்க் ஈகிள்ஸ் கழகத்தின் உரிமையாளரான எஃபா மான்லி அம்மையார் தமது பந்தெறிவாளர் டொன் நியூகொம்பையும் அவ்வாறே இழந்தார். அவர் விடாது வாதாடியதன் பின்னர், லறி டோபிக்காகக் கிளீவ்லாந்து கழகம் 15,000 டொலர் கொடுத்தது. சிறந்த வீரர்கள் சென்றனர். இரசிகரும் அவர்கள் பின் சென்றனர். 1948ஆம் ஆண்டோடு நீக்ரோ தேசிய லீக் மறைந்தது. சமத்துவம் வந்ததை வரவேற்கிறோம். அது வந்த வழியில், ஒடுக்கப்பட்டோர் கட்டிய நிறுவனங்கள் ஈடின்றி விழுங்கப்பட்டன என்பதையும் கூறுகிறோம். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைத்தல் ஆகாது.

முதிய வீரர்களின் நிலை என்ன? றொபின்சன் மைதானத்தில் இறங்கிய 50 ஆண்டுகளின் பின், 1997ஆம் ஆண்டிலேதான், எஞ்சியிருந்த முதியோர் சிலருக்குப் பெருங்கழகங்கள் உதவித்தொகை வழங்க முன்வந்தன. அதுவும் ஓய்வூதியம் என்னும் உரிமையாக அன்று, தனியானதோர் உதவியாக. சேர வேண்டிய கடன் காலத்தில் சேரவில்லை. கடன்காரர் பெரும்பாலானோர் இறந்தபின் அது கருணை என்னும் பெயரில் வந்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கூறிவிடுவோம். 2020ஆம் ஆண்டில் பெருங்கழக அமைப்பும் வீரர் சங்கமும் சேர்ந்து கன்சாஸ் சிற்றி நூதனசாலைக்குப் பத்து இலட்சம் டொலர் வழங்கின. அதனை நன்றியோடு குறிப்பிடலாம். ஆனால் 2019ஆம் ஆண்டில் அவ்வமைப்பின் வருமானம் ஆயிரம் கோடி டொலரைத் தாண்டியது என்பதையும் அருகில் எழுத வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானது அந்நன்கொடை. எஞ்சிய தேவைக்கு ஆசிரியரும் அலுவலக ஊழியரும் ஓய்வுபெற்றோரும் பொம்மை வாங்கி உதவுகின்றனர். கடன்பட்டவன் ஒருவன், அதனைத் தவணை முறையில் தீர்ப்பவன் வேறொருவன். தருமத்தின் பெயரால் நிகழும் இவ்விடமாற்றமே நமது கவனத்திற்குரியது.

4

இவ்விடத்தில் நமது தரப்பிலிருந்தே எழக்கூடிய ஒரு தவறான முடிவைத் தடுத்தாக வேண்டும். பொம்மை ஒரு பண்டம், பண்டம் முதலாளித்துவத்தின் வடிவம், ஆகவே அதனைத் தூக்கியெறிக என்பது வரட்டு வாதம். அவ்வாறு கூறுவோர், நூதனசாலை எப்படி உண்டானதென்பதை அறிதல் வேண்டும்.

1990ஆம் ஆண்டில் அது ஒற்றை அறை அலுவலகமாகத் தொடங்கியது. பக் ஓ நீல் முதலிய பழைய வீரர்கள் அவ்வறையின் வாடகையை முறைவைத்துத் தம் கைக்காசிலிருந்து கட்டினர். அவர்கள் எவருடைய இரக்கத்திற்கும் காத்திருக்கவில்லை. தமது தோழர்களின் பெயர் அழியலாகாது என்பதற்காகக் கொடுத்தனர். 2006ஆம் ஆண்டில் நீக்ரோ லீக்குகளைச் சேர்ந்த 17 பேர் பேஸ்போல் புகழ் மண்டபத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தொண்ணூற்று நான்கு வயதான ஓ நீல் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆயினும் அவர் விழாவிற்குச் சென்று, இறந்துபோன அப்பதினேழு பேரின் சார்பில் மேடையேறிப் பேசினார். சில மாதங்களில் காலமானார். 2022ஆம் ஆண்டிலேதான் அவர் பெயர் அம்மண்டபத்தில் இடம்பெற்றது. அப்பதினேழு பேரில் எஃபா மான்லியும் ஒருவர். அம்மண்டபத்தில் இடம்பெற்ற ஒரே பெண்மணி.

இத்தகையோர் கட்டிய இல்லத்திற்கு ஒரு பொம்மையின் மூலம் சில டொலர் வருமாயின் அதனை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. மேசையில் நிற்கும் பொம்மையைக் கண்டு ஒரு சிறுமி, ‘இவர் யார்?’ எனக் கேட்பாளாயின், அவ்வினா மிக மதிப்புடையது. விடை சொல்பவர் எங்கே நிறுத்துவார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ‘இவர் பெரிய வீரர்’ என்பதோடு நிறுத்தினால் பொம்மை வென்றது. ‘இவர் ஏன் அங்கு விளையாடவில்லை, இவர் குழியில் ஏன் கல் இல்லை’ என்று தொடர்ந்தால் வரலாறு வென்றது.

புள்ளிவிபரங்களும் அவ்வாறே. 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் பெரும் லீக்குகளே எனப் பெருங்கழக அமைப்பு அறிவித்தது. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்குகள் அதிகாரபூர்வமான ஏடுகளில் சேர்க்கப்பட்டன. அதன்படி வாழ்நாள் அடிச் சராசரியில் கிப்சன் 0.372 பெற்று முதலிடத்திற்கு வந்தார். நெடுங்காலம் முதல்வராயிருந்த ரை கொப் 0.367 உடன் இரண்டாமவரானார். கிப்சன் இறந்து 77 ஆண்டுகள் கடந்திருந்தன. நூற்றாண்டு வரிசைப் பொம்மைகள் செய்ய முடியாத ஒன்றை இந்த எண் செய்தது. அது மகிழ்விக்க முயலவில்லை, ஏட்டைத் திருத்தியது. நினைவுப் பொருளுக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் சுருக்கமாகக் கூற இயலாது.

இறுதியாக, தலையாட்டுதல் என்னும் சொல்லுக்கே மீள்வோம். ஜக்கி றொபின்சனின் உருவிலும் தலையாட்டிப் பொம்மைகள் ஏராளம் வந்திருக்கின்றன. அவர் வாழ்வில் ஒரு முறை தலையாட்டியதுண்டு. 1949 ஜூலையில், அமெரிக்காவிற்கு விரோதமான செயல்களை விசாரிக்கும் காங்கிரஸ் குழுவினர் அவரை அழைத்து, போல் றொப்சனுக்கு எதிராகச் சாட்சியம் கூறக் கேட்டனர். நிறத்தடையை நீக்குமாறு முதலாளிகளிடம் ஆறாண்டுகளுக்கு முன் வாதாடிய அதே றொப்சனுக்கு எதிராக! றொபின்சன் சென்றார், சாட்சியத்தில் இனவெறியையும் கண்டித்தார், ஆயினும் அரசு விரும்பியதும் நிறைவேறியது. றொப்சனின் அரங்குகள் மூடப்பட்டன. மறு ஆண்டில் கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது.

1972ஆம் ஆண்டில், தாம் இறந்த அதே ஆண்டில் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்றில், றொபின்சன் அந்நாளைத் திரும்பிப் பார்த்தார். அத்தகைய அழைப்பு இப்பொழுது வருமாயின் அதனை மறுத்துவிடுவேன் என்னும் கருத்துப்பட எழுதினார். றொப்சனிடம் தமக்கு மதிப்பு வளர்ந்திருப்பதையும் ஒப்புக்கொண்டார். நாடு போற்றிய ஒருவர், நோயுற்ற உடலோடு, தாம் ஒரு காலத்தில் தலையாட்டியது தவறென எழுதுவதற்கு வேண்டிய துணிவு, பந்தடிப்பதற்கு வேண்டிய துணிவினும் குறைந்ததன்று.

அந்த றொபின்சனை எந்தப் பொம்மையும் காட்டவில்லை, காட்டவும் முடியாது. அவரைக் காட்டுவது ஆசிரியரின் வேலை; எழுத்தாளரின் வேலை; விமர்சகரின் வேலை. பொம்மை வாங்குவோர் வாங்கட்டும். நூதனசாலைக்கு அது உதவட்டும். வாங்கியவர் அதன் தலையைத் தட்டிவிட்டு மகிழும் அக்கணத்தில், இம்மனிதர் உயிரோடிருக்கையில் எத்தனை பேருக்குத் தலையாட்ட மறுத்தார் என்பதையும் அறிந்திருக்குமாறு செய்வதே நமது கடன்.